அடையாற்றுக்காக நாம் என்ன செய்யலாம்? ஆற்று நடையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

நான் சைதாப்பேட்டைக்காரன். மாதத்துக்கு ஒரு ஞாயிறு காலை நாங்கள் ஏழெட்டுப் பேர், கூட வருகிறவர்களை அழைத்துக்கொண்டு அடையாற்றங்கரையில் ஏதாவது ஒரு துண்டு நடப்போம். ஆள் மாறுவார்கள், கேள்வி மாறாது. டீக்கடையில் நின்று நான் சொன்ன பதில்களை எழுதி வைக்கச் சொல்லி வீட்டில் நச்சரித்தார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"அடையாறா? அது சாக்கடை சார். அதுல இன்னா பாரம்பரியம் கீது?"

சைதாப்பேட்டைப் பாலத்திலிருந்தே தொடங்கலாம். 1726இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வணிகர் சொந்தக் காசில் இங்கே பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்று பெயர். பரங்கிமலைக்குப் போகிறவர்கள் மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்கப் பட்ட பாடுதான் காரணம். மலைக்கு ஏறும் படிகளையும் அவர்தான் செப்பனிட்டார். பழைய பாலம் போய் அந்த இடத்தில் இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. உஸ்கான் வைத்த கல்வெட்டு மட்டும் மிஞ்சியது. தினமும் பல ஆயிரம் பேர் அந்த வழியாகப் போகிறோம், அந்தக் கல்லைப் பார்த்தவர் எத்தனை பேர்?

மேலே போனால் திருநீர்மலை. மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது தலவரலாறு. ஊர்ப் பெயரிலேயே வெள்ளம் பதிவாகியிருக்கிறது. பக்கத்தில் அனகாபுத்தூர். அங்கே நெய்த துணி 'மெட்ராஸ் கைக்குட்டை' என்ற பெயரில் கப்பலேறி நைஜீரியா வரை போனது. கீழே வந்தால் சின்னமலை, அதையும் தாண்டினால் 1882இல் அடையாறுக்கு வந்த பிரம்மஞான சபையின் தோட்டம். அங்கிருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தது, விழுதுகள் இன்னும் நிற்கின்றன. முகத்துவாரத்தில் ஊரூர் குப்பத்து மீனவர்கள். இதெல்லாம் ஒரே ஆற்றின் கரை. நாற்றம் அடிப்பது ஆற்றின் குற்றமில்லை, நாம் அதில் விட்டது.

"ஆறு செம்பரம்பாக்கத்துலதானே ஆரம்பிக்குது?"

பாதி பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பெயர் மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் ஆற்றின் தலை ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள். வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக வருகிற தண்ணீரோடு, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திருநீர்மலை அருகே சேர்கிறது. அங்கிருந்து அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதை, கோட்டூர்புரம், பிறகு கடல். மொத்தம் சுமார் 42 கிலோமீட்டர். காவிரிக்குப் பக்கத்தில் வைத்தால் குழந்தை.

குழந்தை என்பதால்தான் கவனம் தேவை. இதற்கு மலை ஊற்று கிடையாது. ஏரி நிரம்பி ஏரிக்கு வழியும் தண்ணீர்தான் ஆறு. மேலே ஒரு ஏரியின் கலங்கலையோ (உபரிநீர் வழியும் இடம்) வாய்க்காலையோ அடைத்தால், கோடையில் இங்கே வெறும் சாக்கடைத் தண்ணீர் மட்டும் ஓடும், மழையில் முடிச்சூரில் வீட்டுக்குள் தண்ணீர் வரும். ஆற்றைக் காப்பாற்றுவது என்றால் முதலில் ஏரியைக் காப்பாற்றுவது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். கீழே பல பதில்கள் இதைத்தான் திரும்பிப் பார்க்கும்.

"புள்ளைங்களைக் கூட்டினு வந்தா பாக்குற மாதிரி எடம் எதுனா இருக்கா?"

இருக்கிறது, ஆனால் சிதறிக் கிடக்கிறது. கரையோரமாக ஒரே மூச்சில் நடக்க வழியில்லை. பாதி இடத்தில் சுவர், மீதி இடத்தில் சீமைக்கருவேலம். எங்கள் நடைகளும் அதனால் துண்டு துண்டாகத்தான் நடக்கின்றன.

முதலில் பார்க்கச் சொல்வது அடையாறு தொல்காப்பியப் பூங்காவை. கழிமுகத்தின் ஓடையில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைத் திருத்தி 2011இல் திறந்தார்கள். அலையாத்தி, நண்டு, முக்குளிப்பான், நீர்க்காகம் எல்லாம் பிள்ளைகள் கண்ணெதிரே பார்க்கலாம். போவதற்கு முன் அனுமதி நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். அடுத்து கோட்டூர்புரம் மரப்பூங்கா. அதுவும் ஆற்றோரக் குப்பைமேடாக இருந்த இடம்தான். தன்னார்வலர்கள் வருடக்கணக்கில் நட்டு வளர்த்த நாட்டு மரங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் முறை மகிழம்பூ வாசனை தெரிந்தது அங்கேதான்.

மாலையில் என்றால் உடைந்த பாலம். 1967இல் மீனவர்கள் ஆற்றைக் கடக்கக் கட்டியது, பத்தே வருடத்தில் வெள்ளத்தில் போனது. அந்தப் பக்கம் பட்டினப்பாக்கம், இந்தப் பக்கம் பெசன்ட் நகர், நடுவே கடலும் ஆறும் சேருமிடம். வெளிச்சம் இருக்கும்போதே, கூட்டமாகப் போங்கள். பாலத்தின் உடைந்த முனையில் நின்று படம் எடுக்க வேண்டாம். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

"நாத்தம் இல்லாத நேரம்னு ஒண்ணு உண்டா?"

உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை ஆற்றை ஒருமுறை அலசிவிட்ட பிறகு, மார்கழியிலும் தையிலும் வாருங்கள். முகத்துவாரம் திறந்திருக்கும், கடல் ஏற்றத்தின்போது உப்புத்தண்ணீர் உள்ளே ஏறி வரும், பறவைகளும் வந்திருக்கும். சித்திரை, வைகாசியில் மணல் மேடு வாயை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கினால் நாற்றம்தான்.

"தண்ணியில இறங்கலாமா? இங்க புடிக்கிற மீனைத் திங்கலாமா?"

இறங்காதீர்கள். மீனைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். முகத்துவாரத்தில் வலை வீசுகிறவர்களுக்கு எந்த இடத்து மடவை நல்லது, எது ஆகாது என்று என்னைவிட நன்றாகத் தெரியும். நகருக்குள்ளே தூண்டில் போட்டுப் பிடிக்கும் ஜிலேபியை என் வீட்டில் சமைப்பதில்லை.

"அந்தக் காலத்துல படகு விட்டாங்களாமே. திரும்ப விடச் சொல்லி மனு போட்டா என்ன?"

அடையாற்றில் படகு விடுவது நிற்கவே இல்லை. 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பின் உறுப்பினர்கள் இன்றும் காலையில் துடுப்புப் போடுகிறார்கள். கோட்டூர்புரம் பாலத்தில் விடியலில் நின்றால் நீளமான படகுகள் போவதைப் பார்க்கலாம். உறுப்பினர் அல்லாத நமக்குத்தான் பாலம்.

பொதுமக்களுக்கான படகு விட்டது கூவத்தில். 1967இல் அண்ணா ஆட்சியில் கூவத்தைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது, எழுபதுகளின் தொடக்கத்தில் படகுத்துறைகள் கட்டிப் படகும் விட்டார்கள். சில வருடங்களில் நின்றுபோனது. துறைகள் அழகாகத்தான் இருந்தன, ஆனால் கழிவுநீர் வருவது நிற்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு யார் படகில் போவார்கள்? அதனால் படகு கேட்டு மனு எழுதுகிறவர்களிடம் நான் சொல்வது, முதல் பத்தியில் கழிவுநீரைப் பற்றி எழுதுங்கள், படகைக் கடைசிப் பத்தியில் வைத்துக்கொள்ளலாம்.

"ஞாயித்துக்கிழமை கையுறை போட்டுக் குப்பை பொறுக்கினா ஆறு சுத்தமாயிடுமா?" (கல்லூரி மாணவி ஒருவர், கொஞ்சம் கோபமாக)

ஆகாது. அடுத்த மழையில் அதே அளவு வந்து சேரும். பத்து மூட்டை குப்பையோடு படம் எடுத்துக்கொண்டு போவதில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

ஆனால் குப்பையை எண்ணினால் அதற்கு அர்த்தம் வருகிறது. ஒரு முறை பொறுக்கியதைத் தரையில் கொட்டிப் பிரித்தோம். பால் கவர், குட்கா உறை, தெர்மாக்கோல், ஒரே கடையின் சாப்பாட்டுப் பொட்டலம் என்று தனித்தனியாக எழுதினோம். எந்த மழைநீர் வடிகால் வாயில் எது அதிகம் என்று தெரிந்ததும் பேச்சு மாறியது. குறிப்பிட்ட ஒரு வடிகாலுக்கு வலை போடச் சொல்லிக் கேட்க முடிந்தது.

மரம் நடுவதிலும் இதே எச்சரிக்கை. கழிமுகத்துச் சேற்றுத் திட்டில் கன்று நடக் கிளம்பி விடாதீர்கள். வெறும் சேறு போலத் தெரிகிற அந்த இடம்தான் உள்ளானுக்கும் நாரைக்கும் சாப்பாட்டுத் தட்டு. மணலிலும் அப்படித்தான். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற கரை அது. 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து முட்டைகளைப் பொரிப்பகத்தில் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். ராத்திரி கண் விழிக்கத் தெம்பு இருக்கிற இளவட்டங்களை நான் அங்கேதான் அனுப்புகிறேன்.

"எங்க வீட்டுக் கழிவுநீர் ஆத்துக்குப் போகுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு அன்றைக்குப் பொழுது நன்றாக விடிந்தது என்று அர்த்தம். தெருவில் இரண்டு குழாய் உண்டு. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, நேராக ஆற்றுக்கோ கால்வாய்க்கோ போகும். மழையே இல்லாத மாசி மாதத்தில் உங்கள் தெரு வடிகாலில் தண்ணீர் ஓடினால், யாரோ வீட்டுக் குழாயை அதில் விட்டிருக்கிறார்கள். அந்த 'யாரோ' நாமாகவும் இருக்கலாம். எங்கள் குடியிருப்பின் குளியலறைத் தண்ணீர் பல வருடம் வடிகாலுக்குப் போனதை நாங்களே தோண்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். இணைப்பை மாற்றச் செலவானது. கூட்டத்தில் பெரிய சண்டையும் நடந்தது.

சாக்கடை அடைப்பு, முறைகேடான இணைப்புக்குக் குடிநீர் வாரியத்தின் 1916. வடிகால், குப்பைக்கு மாநகராட்சியின் 1913. புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"நூறு பேர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா யார் சார் மதிக்கிறாங்க?"

எங்கள் முதல் மனுவில் முந்நூறு கையெழுத்து இருந்தது. 'அடையாற்றைக் காப்பாற்றுங்கள்' என்று தலைப்பு. அது ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய், எட்டு மாதம் கழித்து 'தங்கள் மனு எங்கள் துறை சார்ந்ததல்ல' என்று திரும்பி வந்தது. அன்று கோபம் வந்தது. இன்று யோசித்தால், அந்த மனுவை வாங்கிய குமாஸ்தா என்னதான் செய்திருக்க முடியும்? ஆற்றைக் காப்பாற்று என்றால் எந்தக் கோப்பில் போடுவார்?

ஆறு என்பது ஒன்று, அதன் சொந்தக்காரர்கள் பலர். கரையும் ஆற்றுப் படுகையும் நீர்வளத்துறை. நில ஆவணம் வருவாய்த்துறை. தொழிற்சாலைக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இவர்களை ஒருங்கிணைப்பது சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை. பழைய கட்டடம், கல்வெட்டு என்றால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியப் பாதுகாப்புக் குழு. ஒரு மனுவில் ஒரு இடம், ஒரு குறை, ஒரு கோரிக்கை. தேதியிட்ட படம், சர்வே எண், முந்தைய புகார் எண். இப்படி எழுதிய எங்கள் இரண்டாவது மனுவில் ஒன்பதே கையெழுத்து. மூன்று வாரத்தில் ஆள் வந்து பார்த்தார்கள். கூட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்பது பேர் எழுதிய மனுவைப் பின்தொடர முந்நூறு பேர் இருந்தால் நல்லது.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே துறையில் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். 'இன்ன தேதியில் கொடுத்த மனு மீது எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகலைத் தரவும்' என்று கேளுங்கள். செலவுக்கணக்கையும் இப்படியே கேட்கலாம். இந்த ஆற்றைச் சீரமைக்க 2017இல் சுமார் 555 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் நம் பகுதிக்கு என்ன வேலை நடந்தது என்று கேட்பது நம் உரிமைதான்.

"அது புறம்போக்குன்னு நீங்க சொல்றீங்க, அவர் பட்டா காட்டுறாரு. யாரை நம்புறது?"

இருவரையும் வேண்டாம், ஆவணத்தை நம்புங்கள். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆற்றைப் பற்றிப் பேசினாலும் அளந்துதான் பேச வேண்டும். வருவாய்த்துறையின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரமும் புல வரைபடமும் கிடைக்கும். ஆறு, ஓடை, வாய்க்கால் என்று வகைப்பாடு எழுதியிருக்கும். இன்றைய பதிவு மட்டும் போதாது. பழைய வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். இடையில் உட்பிரிவு ஆகியிருந்தால், எந்த உத்தரவின்படி ஆனது என்று முந்தைய பதிலில் சொன்ன வழியில் கேளுங்கள்.

கடல் ஏற்றம் தொடுகிற பகுதிக்கு இன்னொரு கோடும் உண்டு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். 2011 அறிவிக்கையில் இத்தகைய ஆற்றோரத்துக்கு 100 மீட்டர் வரை கட்டுமானக் கட்டுப்பாடு இருந்தது. 2019இல் அதை 50 மீட்டராகக் குறைத்தார்கள். சட்டமே சுருங்கும்போது பட்டா காட்டுகிறவரிடம் மட்டும் சண்டை போட்டுப் பயனில்லை. ஆள் பெயர் சொல்லி ஆக்கிரமிப்பாளர் என்று பொதுவில் எழுதிவிடாதீர்கள். ஆவணம் தவறாக இருந்தால் வழக்கு உங்கள் மேல் வரும்.

"ஏழைங்க குடிசையைத் தூக்கிட்டு நடைபாதை போடுறதுக்குத்தானே உங்க ஆதரவெல்லாம்?" (ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர். நடைக்கு வந்தவரில்லை, டீக்கடையில் எங்கள் பேச்சைக் கேட்டவர்)

இந்தக் கேள்விக்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சீரமைப்பு என்று சொல்லி ஆற்றோரத்திலிருந்து எடுத்தவர்களைப் பெரும்பாலும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். வீட்டு வேலைக்கும் மூட்டை தூக்கவும் சைதாப்பேட்டையில் இருந்தவர், அங்கிருந்து எப்படித் தினமும் வந்துபோவார்? பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வுதான். வெள்ளத்திலிருந்து எடுத்து வெள்ளத்தில் வைத்த மாதிரி. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் வீடுகளை இடித்தபோதும் இதே கேள்வி எழுந்தது.

என் நிலைப்பாடு இதுதான், எங்கள் குழுவில் எல்லாருக்கும் இது உடன்பாடில்லை. மழைக்காலத்தில் ஆற்றின் மடியில் யாரும் படுத்திருக்கக் கூடாது, அது அவர்கள் உயிருக்கே ஆபத்து. ஆனால் மாற்று வீடு அதே பகுதியில், நடந்து போகும் தொலைவில் தரப்பட வேண்டும், பள்ளி ஆண்டின் நடுவே எடுக்கக் கூடாது. குடிசையை அளக்கும் அதே நாளில் அதே கரையில் நிற்கும் பெரிய கட்டடங்களையும் அளக்க வேண்டும். குடிசை தெரிகிற கண்ணுக்குச் சுற்றுச்சுவர் போட்ட வளாகம் தெரியாமல் போவது எப்படி? இந்த மூன்றும் இல்லாத சீரமைப்பு மனுவில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அண்ணனிடம் இதையே சொன்னேன். 'பாக்கலாம்' என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

"2015 மாதிரி வெள்ளம் வந்தா நீங்க கேக்குற பூங்கா, பாதை எல்லாம் அடிச்சுட்டுப் போயிடாதா?"

அடித்துக்கொண்டு போகத்தான் வேண்டும், அதாவது தண்ணீர் மேலே ஏறி நிற்க இடம் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. அதோடு ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் தண்ணீரும் சேர்ந்தது (இரண்டாவது பதிலைப் பாருங்கள்). கோட்டூர்புரத்தில் முதல் மாடி வரை ஏறிய தண்ணீருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

ஆகவே கரையில் சிமெண்ட் தளம், கைப்பிடிச் சுவர், அலங்கார நீரூற்று என்று வரைபடம் வந்தால் நாங்கள் எதிர்க்கிறோம். மண்பாதை, நாணல், வெள்ளம் தாங்கும் நாட்டு மரம், இரண்டு நாள் மூழ்கினாலும் கெடாத பெஞ்சு போதும். விளையாட்டுத் திடலும் இருக்கட்டும், மழைக்காலத்தில் அது குளமாகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம்.

"நான் வாடகை வீட்டுல இருக்கேன். கவுன்சிலர் கூட்டத்துக்கெல்லாம் வரலாமா?"

அந்த வார்டில் வாக்காளராகப் பெயர் இருந்தால் பகுதி சபைக் கூட்டத்துக்கு வரலாம், பேசலாம். சொந்த வீடா வாடகையா என்று யாரும் கேட்பதில்லை. வருகிறவர்கள் குறைவு என்பதால் பேசுகிறவர் பேச்சு பதிவேட்டில் ஏறும். ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

மேலே ஊராட்சிகளில் சொந்தக்காரர்கள் இருந்தால் இன்னும் நல்லது. அங்கே வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை, அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏரி வரத்துக்கால்வாய் பற்றி அங்கே நிறைவேறும் ஒரு தீர்மானம், சைதாப்பேட்டையில் நாங்கள் எழுதும் பத்து மனுவைவிடக் கனமானது.

"பழைய போட்டோ, பாட்டி சொன்ன கதை எல்லாம் உங்களுக்கு உதவுமா?"

கட்டாயம். இந்தக் கரையில் எந்தத் துறையில் குளித்தார்கள், ஆடிப்பெருக்குக்கு எங்கே விளக்கு விட்டார்கள், தண்ணீர் எதுவரை ஏறியது என்பது அரசுக் கோப்பில் இருக்காது. படத்தின் பின்பக்கம் இடமும் ஏறக்குறைய எந்த வருடம் என்பதும் எழுதிக் கொடுங்கள். மூலப்படத்தைக் கொடுக்காதீர்கள், அங்கேயே கைப்பேசியில் எடுத்துக்கொள்கிறோம். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் சொன்ன அடையாளத்தை வைத்து ஒரு பழைய படித்துறையைத் தேடினோம். இரண்டு படி கிடைத்தது, மீதி மண்ணுக்குள்.

"சந்தா எவ்ளோ?"

சந்தா கிடையாது, ரசீதுப் புத்தகமும் கிடையாது. டீக்குக் காசு அவரவர் கொடுக்க வேண்டும்.

"மழை பெய்ஞ்சா நடை உண்டா?"

தூறலுக்கு உண்டு, குடை கொண்டுவாருங்கள். ஏரி உபரிநீர் திறப்பு என்று அறிவிப்பு வந்தால் கிடையாது. அன்றைக்குப் பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் நாங்களும் இருப்போம்.